அடைக்கலமும் குடியும்: நடுநாட்டு இலக்கிய வழக்குகள் மூன்று

உளுந்தூர்பேட்டைக்கு வடக்கே, பெண்ணையாற்றின் தென்கரையில், மலையமான்களின் தலைநகராகிய திருக்கோவலூர் உள்ளது. பேட்டைக்கு அணித்தே சுந்தரர் தோன்றிய திருநாவலூர் உள்ளது. 2019ஆம் ஆண்டில் கள்ளக்குறிச்சி மாவட்டம் அமைந்தபின் இவ்விரண்டு ஊர்களும் அதனைச் சார்ந்தவை. இந்நிலப்பகுதியோடு தொடர்புடைய இலக்கியச் செய்திகளுள் மூன்று வழக்குகள் காணப்படுகின்றன. நாடிழந்த மகளிர்க்காக ஒரு புலவர் இரு வேந்தரிடம் செய்த வேண்டுகோள் ஒன்று. உயிரிழக்க இருந்த சிறுவர்க்காக மற்றொரு புலவர் செய்த வேண்டுகோள் ஒன்று. ஒருவன் உரிமையுடையவனா அடிமையா என்பதனை ஓர் ஊரவை ஆராய்ந்த வழக்கு ஒன்று. முதலிரண்டும் புறநானூற்றில் உள்ளன; மூன்றாவது பெரியபுராணத்தில் உள்ளது.

இவற்றை நட்பின் சிறப்பு, புலவர் பெருமை, இறைவன் திருவிளையாட்டு என்ற தலைப்புகளில் நம் உரையாசிரியரும் ஆராய்ச்சியாளரும் விளக்கியுள்ளனர். அவ்விளக்கங்கள் தவறல்ல. ஆயினும் தனி ஒருவர் ஆட்சியாளர் முன் வைக்கும் விண்ணப்பம் எவ்வாறு கேட்கப்படல் வேண்டும் என்னும் நோக்கில் இவை ஒருங்கு வைத்து ஆராயப்படவில்லை. அம்முயற்சியே இக்கட்டுரை.

முதற்கண் சொற்பொருள் நோக்கற்பாலது. குடி என்னும் சொல் பழைய வழக்கில் குடும்பத்தையும் மரபையும் ஊரையும் ஆளப்படும் மக்களையும் குறிக்கும். திருக்குறளில் குடிமை என ஓர் அதிகாரமே உண்டு. ஆண்டு அச்சொல் நற்குடிப் பிறப்பின் இயல்பைச் சுட்டும். இக்காலத்துக் குடியுரிமை என்னும் ஆக்கச்சொல் இவ்வேரினின்றே பிறந்தது. அடைக்கலம் என்பதோ வேறு. அது காக்கும்படி ஒருவர் கையில் ஒப்படைக்கப்பட்டதனைக் குறிக்கும். பொருளும் அடைக்கலமாகலாம், ஆளும் அடைக்கலமாகலாம். அடைக்கலப் பொருள் காப்பவனுடையதன்று. அவ்வாறே அடைக்கலமாக வந்தவர் காக்கப்படுவர். ஆயினும் காப்பவர் குடியினர் ஆகார். இவ்வேறுபாட்டை உளங்கொண்டால் பாரி மகளிர் வரலாறு புதுப்பொருள் தரும்.

பாரி இறந்தபின் அவன் மகளிரை அழைத்துச் சென்ற கபிலர் விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் மணம் வேண்டினார். புறநானூற்றின் 200, 201, 202ஆம் பாட்டுகள் அவ்வேண்டுகோளைப் பற்றியவை. இவற்றுள் 201ஆம் பாட்டின் அமைப்பு சிறப்பாக நோக்கத்தக்கது. இவர் யார் என்று நீ வினவுவாயாயின் என அது தொடங்குகிறது. முதலில் மகளிர் யார் என்பது கூறப்படுகிறது. பின்னர்த் தாம் யார், அவர்கட்கு என்ன உறவினர் என்பதனைக் கபிலர் கூறுகிறார். அதன்பின் கேட்கும் வேள் எம்மரபினன் என்பது கூறப்படுகிறது. இறுதியில் வேண்டுவது இன்னதென்று சொல்லப்படுகிறது. விண்ணப்பதாரர், முன்மொழிபவர், அதிகாரி, கோரிக்கை என இன்றைய படிவம் நான்கு கட்டமாகப் பிரிப்பதனை இப்பாட்டு ஒரே மூச்சில் கூறிவிடுகிறது எனலாம்.

மணம் வேண்டியதைக் குடியுரிமை வேண்டுதலோடு ஒப்பிடுதல் பொருந்துமோ என ஐயுறலாம். தந்தையும் மலையும் இழந்த மகளிர்க்கு வேறொரு குடியிற் புகுதற்கு அக்காலத்திருந்த வாயில் மணம் ஒன்றே என்பதனை நினைந்தால் அவ்வையம் அகலும். வேள் இசைந்திலன். 202ஆம் பாட்டில் கபிலர், புலவரை இகழ்ந்தமையால் அவன் முன்னோர் நகரொன்று அழிந்த கதையை நினைவூட்டுகிறார்; பின்னர், இவர் பாரி மகளிர் என்று தாம் கூறிய புன்சொல்லைப் பொறுத்துக்கொள்ளுமாறு வேண்டி விடைபெறுகிறார். விண்ணப்பித்ததற்கே மன்னிப்புக் கேட்கும் இந்நிலையில் உள்ள சினம் கல்லையும் உருக்கும். மறுத்தவன் கூறிய காரணம் ஒன்றும் பாட்டில் இல்லை. ஆயினும் மறுத்தவன் பெயர் நிலைத்துவிட்டது.

அதன்பின் கபிலர் மகளிரைப் பார்ப்பாரிடம் ஒப்படைத்துத் தாம் வடக்கிருந்தார் எனப் புறநானூற்றுக் கொளுக்கள் கூறும். முதல் இராசராசன் காலத்துத் திருக்கோவலூர்க் கல்வெட்டோ பாரியின் அடைக்கலப் பெண்ணை மலையனுக்குக் கொடுத்துக் கபிலர் தீப்புகுந்தார் என்று கூறுகிறது. கொளுவில் மகளிர் பலர். கல்வெட்டில் பெண் ஒருத்தி. இம்முரண்பாடுகளை ஈண்டுத் தீர்க்க வேண்டுவதில்லை. பல நூற்றாண்டுக்குப் பின்னும் அப்பெண்ணைச் சுட்டக் கல்வெட்டு அடைக்கலம் என்னும் சொல்லையே ஆண்டது என்பதே நமக்கு வேண்டுவது. பார்ப்பார் மனையில் அவர்கட்கு உறைவிடம் கிடைத்தது. குடி கிடைத்தது மலையன் மனையிலேயே. அடைக்கலம் விண்ணப்பத்தின் விடையன்று. விடை வருமளவும் உள்ள காப்பே.

எனினும் கபிலர் விண்ணப்பத்தில் ஒரு குறையும் உண்டு. அது தந்தையின் புகழையும் புலவரின் நாவன்மையையும் சார்ந்து நிற்கிறது. 112ஆம் பாட்டில் தம் இழப்பைத் தாமே பாடிய அம்மகளிர் இப்பாட்டுகளில் வாய் திறந்திலர். பாரி தந்தையாகவும் கபிலர் துணையாகவும் அமையாத ஒருத்திக்கு யார் பேசுவர்?

இவ்வினாவுக்குக் கோவூர்கிழார் விடை தருகிறார். சோழன் கிள்ளிவளவன் மலையமான் மக்களை யானைக்கு இடப் புகுந்தபோது அவர் பாடியது 46ஆம் பாட்டு. முன்னொரு காலத்தில் தோற்ற சோழன் ஒருவன் முள்ளூர் மலையில் மலையமானிடம் புகலடைந்து மீண்டும் அரசு பெற்றான் என்பதனை 174ஆம் பாட்டில் மாறோக்கத்து நப்பசலையார் கூறுவர். சோழர்க்குப் புகல் தந்த குடியின் சிறுவரே சோழன் யானைமுன் நிற்கின்றனர் எனக் கொள்ள இடமுண்டு. கோவூர்கிழார் அக்கடனை எடுத்துக்கூறி வாதிடவில்லை. சோழன் மரபின் அருளையும் மலையமான் மரபின் ஈகையையும் சுருங்கச் சொல்லிச் சிறுவரைக் காட்டுகிறார். யானையைக் கண்ட வியப்பில் அழுகையை மறந்தவர், புதிய மன்றத்தை மருண்டு நோக்கிப் புதியதொரு துன்பம் உற்றனர் என்கிறார். அவர்கள் மலையமான் மக்கள் என்பதனினும் மருண்ட சிறுவர் என்பதே அங்கு வலிமை பெறுகிறது.

பாட்டின் முடிவு மேலும் கூர்ந்து நோக்கற்பாலது. விடுவிக்க என்று புலவர் ஆணையிடவில்லை; இதனைக் கேட்டாயாயின் நீ விரும்பியதைச் செய்க என்கிறார். முடிவு வேந்தன் உரிமை. கேட்டல் அவன் கடன். இவ்விரண்டையும் பிரித்துக் காட்டியதே இப்பாட்டின் தனிச்சிறப்பு என்பது எம் கருத்து. சிறுவர் உயிர் பிழைத்தனர் என்று கொளு கூறும்.

மூன்றாவது வழக்கு சான்று பற்றியது. சுந்தரர் மணத்தன்று முதியவர் ஒருவர் வந்து, இவன் என் அடிமை என ஓலை காட்டுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் செல்கிறது. நெடுநாள் ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்றனுள் ஒன்று காட்டினாற் போதும் என அவையினர் கூறுவதாகச் சேக்கிழார் அமைத்தனர். ஓலை காட்டப்பட்டதும் அவர்கள் அதனை அப்படியே ஏற்கவில்லை; காப்பில் இருந்த பாட்டனாரின் வேறு கையெழுத்தை வருவித்து ஒப்புநோக்கினர். சமயப்பொருள் எதுவாயினும், முறைமை நோக்கில் இரண்டு உண்மைகள் பெறப்படும். சான்று பலவகைப்படும், எழுத்து அவற்றுள் ஒன்றே. சான்று தேடும் சுமை வந்தவர்மேல் மட்டும் இல்லை, அவைக்கும் உண்டு.

கேட்டல், சான்று காணல், முடிவு கூறல் என்னும் இம்மூன்று அளவைகளையும் கொண்டு நம் காலத்து வரலாறு ஒன்றனை நோக்குவோம். இலங்கை மலைநாட்டுத் தோட்டங்களில் உழைத்த தமிழர் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் பெரும்பாலும் நாடற்றவர் ஆயினர். 1949இல் வந்த இந்திய பாகிஸ்தானிய வசிப்போர் குடியுரிமைச் சட்டம் அவர்கள் விண்ணப்பிக்க இரண்டாண்டு தந்தது. மணமானவர் ஏழாண்டும் ஏனையோர் பத்தாண்டும் 1946 சனவரி முதல் நாளுக்கு முன் இடையறாது வசித்தமையைக் காட்டல் வேண்டும். விண்ணப்பங்களில் அடங்கியோர் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர். அவருள் உரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. தேயிலைச் செடியே அவர்கள் ஆட்சிக்குச் சான்று. உடன் கொழுந்து கொய்தவர் அயலார் காட்சிக்குச் சான்று. அவர்களிடம் அரிதாயிருந்தது ஆவணம் ஒன்றே. வெண்ணெய்நல்லூர் அவை மூன்றனுள் ஒன்று போதும் என்றது. இச்சட்டத்தின் நடைமுறையோ ஆவணத்தையே நாடிற்று.

1964 அக்டோபர் 30ஆம் நாள் ஏற்பட்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் என வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் இரு நாட்டுக்கும் செம்பாதியாகப் பிரிக்கப்பட்டனர். இங்குத் தொகை முதலில் வந்தது. ஆள் பின்னர் வந்தனர். இலங்கைக் குடியுரிமையை விழைந்து விண்ணப்பித்தோர் ஒப்பந்தம் ஒதுக்கிய தொகையினும் மிக்கிருந்தனர். கேட்டபின் முடிவு செய்க என்றார் கோவூர்கிழார். ஈண்டோ முடிவு செய்தபின் கேட்டனர். 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிலையாக வாழ்ந்த இந்திய வழியினரும் அவர் வழித்தோன்றல்களும் குடியுரிமை பெறுவர் என 2003இல் இலங்கை சட்டம் இயற்றியது. நெடுநாள் வாழ்வே சான்றாதல் இயலும் என்பது அதனால் விளங்கிற்று. ஐம்பத்தைந்து ஆண்டுக்குப் பின் விளங்கிற்று என்பதே வருத்தம்.

1983ஆம் ஆண்டுக் கலவரத்திற்குப் பின் தமிழகத்திற்கு வந்தோருள் இத்தோட்ட மரபினரும் இருந்தனர். அவர்களிற் பலர் தங்கிய மண்டபம் முகாம், முற்காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளரை நிறுத்திச் சோதித்த இடமே. பாட்டன் போன வாயிலிலேயே பேரன் திரும்பி வந்து தங்கினான். உறைவிடமும் உதவித்தொகையும் அரசு தந்தது. 2021 ஆகத்தில் அகதிகள் முகாம் என்னும் பெயரை மாற்றி இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் எனத் தமிழக அரசு வழங்கியது. சொல்லின் மதிப்பை அறிந்தோர் இதனைப் பாராட்டுவர். எனினும் கதியற்றோர் எனப் பொருள்படும் பெயர் நீங்கியதனால் குடி வந்துவிடவில்லை. இந்தியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் ஒப்பமிடவில்லை; 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை இடம்பெறவில்லை. இவர்கட்கு நாற்பது ஆண்டாகக் கிடைத்தது பார்ப்பார்ப்படுத்தலை ஒத்த அடைக்கலமே.

கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களைச் சேர்ந்த இந்திய வழியினர் 65 பேர் தொடுத்த வழக்கில், 2019 சூன் திங்களில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. நீதிமன்றம் தானே குடியுரிமை வழங்கவில்லை. அவர்கள் விண்ணப்பிக்கலாம் என்றும், மாவட்ட ஆட்சியர் அவற்றைத் தாழ்க்காது அனுப்பவேண்டும் என்றும், நடுவணரசு காலவரைக்குள் முடிவு கூறவேண்டும் என்றும் பணித்தது. முடிவு அரசினது, கேட்டல் கடன் என்னும் கோவூர்கிழார் நெறியே அத்தீர்ப்பில் அமைந்தது எனலாம்.

பழம்பாட்டைக் கொண்டு இக்காலச் சட்டத்தை அளத்தல் தகுமோ என்று வினவுவோர் உளர். வேந்தன் முன் நின்ற விண்ணப்பம் சிலவே. அரசுமுன் நிற்பவை இலட்சக்கணக்கானவை என்பதும் உண்மை. பழங்காலத்தைப் பொற்காலமாக்குதல் எம் நோக்கமன்று. இருங்கோவேள் மறுத்தான், கிள்ளிவளவன் சிறுவரை யானைமுன் நிறுத்தினான் என்பவற்றை மறைத்திலேம். புகழுடைய தந்தையும் பாடவல்ல துணையும் இல்லாதவனுக்கும் அதே செவி வாய்க்கச் செய்தலே சட்டம் இலக்கியத்தினும் மேம்படும் இடம். அவ்விடத்தில் அது தவறுமாயின், பாட்டின் உதவியும் இல்லை, சட்டத்தின் உதவியும் இல்லை.

புறநானூறு வேண்டியவரையும் மறுத்தவரையும் பெயரிட்டுக் காத்தது. முகாமில் வாழ்வோர் விண்ணப்பங்கள் பெயரற்ற அலுவல்களில் எண்ணிட்ட கோப்புகளாய்க் கிடக்கும். அவற்றுள் ஒவ்வொன்றும், இவர் யார் என வினவுவாயாயின் என்றே தொடங்குகிறது. அவ்வாறு வினவுதற்கு ஒருவர் வேண்டும் என்பதே கபிலர் பாட்டினின்று நாம் கொள்ளத்தக்க பொருள்.