காத்திருந்த பிள்ளையும் காக்கப்பட்ட சொல்லும்

மனோதத்துவ அறிஞர் வால்ட்டர் மிஷெல் 2014ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘மார்ஷ்மெல்லோ சோதனை’ என்னும் நூல் பெற்றோரிடையே பெரும்பெயர் பெற்றது. மார்ஷ்மெல்லோ என்பது பஞ்சுபோல் மெத்தென்றிருக்கும் ஒருவகை மிட்டாய். அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக் கழகத்தைச் சார்ந்த மழலையர் பள்ளியில் 1960களின் பிற்பகுதியில் அவர் தொடங்கிய சோதனையே நூலின் பொருள். நான்கு வயதுப் பிள்ளையை ஓர் அறையில் அமர்த்தி, அது விரும்பும் தின்பண்டத்தை எதிரே வைப்பார்கள். பெரியவர் திரும்பி வரும்வரை பொறுத்திருந்தால் இரண்டு கிடைக்கும். பொறுக்க இயலாவிடில் மணியடித்து அவரை அழைக்கலாம், ஆனால் ஒன்றுதான் கிடைக்கும். நெடுநேரம் பொறுத்த பிள்ளைகள் பிற்காலத்தில் படிப்பிலும் ஒழுங்கிலும் மேம்பட்டிருந்தனர் எனப் பின்னாய்வுகள் கூறின.

‘பொறுத்த பிள்ளை தேறும், பொறுக்காத பிள்ளை தேறாது’ என்று இதனை ஒரு சோதிடம் போல் உலகம் எடுத்துக்கொண்டது. நூலாசிரியர் மீது இப்பழியைச் சுமத்துதல் நீதியாகாது. மனவடக்கம் கற்றுக்கொள்ளத் தக்கதோர் ஆற்றல் என்பதே அவர் வாதம். நூலின் சிறந்த பகுதியும் அதுதான். சில பிள்ளைகள் கைகளால் கண்களைப் பொத்திக்கொள்கின்றன. சில நாற்காலியோடு திரும்பிக்கொள்கின்றன. சில தமக்குள் பாட்டிசைக்கின்றன. ஒன்றிரண்டு உறங்கியே விடுகின்றன. எதிரே இருப்பதை மிட்டாயாக எண்ணாமல் மேகத் துண்டாக எண்ணிப் பார்க்கச் சொன்னால் காத்திருக்கும் நேரம் நீள்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு ஆசையோடு மல்லுக்கு நின்றவர்களைவிட, கவனத்தை வேறெங்கோ திருப்பியவர்களே வென்றனர். நாளொன்றுக்கு மூன்று பெட்டி சிகரெட் புகைத்து வந்த மிஷெல், புற்றுநோய் முற்றிய ஒருவரை மருத்துவமனையில் கண்டபின் அப்பழக்கத்தை விட்ட கதையும் இவ்வகையினதே. தொலைவிலிருந்த தீங்கு கண்முன்னே வந்து நின்றது. அருகிலிருந்த இன்பம் ஒளி இழந்தது.

பொறுமையைக் குறிக்கும் ‘ஸப்ர்’ என்னும் அரபுச் சொல்லின் வேரில் தடுத்து நிறுத்துதல் என்ற பொருள் உண்டு. தமிழ்ப் ‘பொறுமை’யிலோ சுமை தாங்குதல் என்ற பொருள். மிஷெலின் பிள்ளைகள் செய்தது இவ்விரண்டிலும் அடங்காத மூன்றாவது ஒன்று.

இனிக் குறைக்கு வருவோம். பள்ளியிறுதித் தேர்வு மதிப்பெண்ணோடு காத்திருப்பை இணைத்து 1990இல் வெளிவந்த புகழ்மிக்க முடிவு, வெறும் 35 பிள்ளைகளின் மதிப்பெண்களைக் கொண்டது. அவர்களோ பெரும்பாலும் பல்கலைக் கழகச் சூழலில் பிறந்து வளர்ந்தவர்கள். 2018இல் டைலர் வாட்ஸும் துணைவரும், வசதி குறைந்த குடும்பங்களையும் உள்ளடக்கித் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளின் விவரங்களை ஆராய்ந்தனர். காத்திருப்புக்கும் பிற்காலத் தேர்ச்சிக்கும் உள்ள தொடர்பு பழைய ஆய்வு கூறியதில் ஏறத்தாழப் பாதியளவே இருந்தது. குடும்பச் சூழலையும் பிள்ளையின் இளமை அறிவையும் கணக்கிற் சேர்த்ததும் அதுவும் பெரிதும் தேய்ந்தது.

ஆயினும் எண்ணிக்கையை விட எனக்குப் பெரிதாகப் படும் குறை வேறு. செலஸ்ட் கிட் என்பாரும் துணைவரும் 2013இல் வெளியிட்ட ஆய்வில் 28 பிள்ளைகள் பங்கு கொண்டனர். படம் வரையும்போது, சற்றுப் பொறுத்தால் நல்ல வண்ணக்கோல்கள் கொண்டு வருவதாகப் பெரியவர் ஒருவர் ஒவ்வொரு பிள்ளைக்கும் வாக்களித்தார். பாதிப் பேருக்குச் சொன்னபடி கொண்டு வந்தார். மீதிப் பேரிடம் வெறுங்கையோடு வந்து மன்னிப்புக் கேட்டார். அதன் பின்னரே மிட்டாய் வைக்கப்பட்டது. வாக்கு நிறைவேறக் கண்ட பிள்ளைகள் சராசரி 12 நிமிடம் காத்திருந்தன. ஏமாந்தவை 3 நிமிடமே. இந்த அவசரத்தைப் பலவீனம் என்று எப்படிச் சொல்வது? வராத பொருளுக்காக இருக்கும் பொருளை விடாத பிள்ளை அறிவோடு நடந்திருக்கிறது என்றே நான் சொல்வேன்.

இதனை மிஷெல் அறியாதவரல்லர் என்பதுதான் வியப்பு. 1950களில் டிரினிடாட் தீவில் அவர் செய்த ஆய்வில், இன்று ஒரு சிறு மிட்டாயா, அடுத்த வாரம் பெரியதா என்று சிறுவர்களைக் கேட்டார். ஆப்பிரிக்க வமிசத்துச் சிறுவர்களுக்கும் இந்திய வமிசத்தாருக்கும் இடையே கண்ட வேற்றுமை, தந்தை வீட்டிலிருந்த பிள்ளைகளை மட்டும் ஒப்பிட்டபோது மறைந்து போயிற்று. சொன்ன சொல்லைக் காக்கும் ஆண்மகனைக் கண்டு பழகாத பிள்ளை, அந்நியர் ஒருவரின் அடுத்த வாரத்தை எதற்காக நம்ப வேண்டும்?

நம் கடற்கரை ஊர்களில் சபுராளிகளின் இல்லத்தார் இவ்விடத்தைச் சற்று நின்று படிப்பார்கள். (பயணத்துக்கும் பொறுமைக்கும் அரபியில் சொற்கள் வேறு, நம் பேச்சில் இரண்டும் ‘சபுர்’ என்றே ஒலித்துவிடுகின்றன.) தந்தை தொலைவில் இருப்பதனாலேயே பிள்ளை பொறுமை இழந்துவிடும் என்று நான் கொள்ளவில்லை. வருவதாகச் சொன்ன மாதத்தில் வருகிறாரா, அனுப்புவதாகச் சொன்ன பொருள் வந்து சேர்கிறதா என்பதையே பிள்ளை பார்த்திருக்கிறது. அழுகையை அடக்குவதற்காக, ‘நாளைக்கு வாங்கித் தருகிறேன்’ என்று சொல்லி மறந்துவிடும் வீட்டில், தந்தை உடனிருந்தும் பயன் சிறிதே.

டிரினிடாட் ஆய்வுக்கு நூலாசிரியர் ஒதுக்கிய பக்கங்கள் மிகச் சில. அதுவே முதல் அத்தியாயமாகியிருந்தால் இந்நூலை உலகம் வேறுவிதமாகப் படித்திருக்கும். ஸ்டான்போர்டில் ஒவ்வொரு பிள்ளையும் காத்திருந்த நேரத்தைக் கடிகாரம் வைத்துக் குறித்தார்கள். அப்பிள்ளைக்கு அதற்கு முன் வாக்களித்துப் பொய்த்த பெரியவர் எத்தனை பேர் என்பதற்கு அக்குறிப்பேட்டில் இடமிருக்கவில்லை.