ஊவாவின் வழிகளும் ஆற்றுப்படை மரபும்: ஒரு நோக்கு

துவிச்சக்கரவண்டியில் மலைநாட்டைச் சுற்றிப் பார்க்க வருவோருக்கென எழுதப்படும் வழிக்குறிப்புக்களை எவரும் இலக்கியமெனக் கருதுவதில்லை. ஏற்றம், இறக்கம், தூரம், தங்குமிடம் ஆகியவற்றைக் கூறிவிட்டு ஒதுங்கும் எழுத்து அது. எனினும், ஓர் ஊரை முன்னர் கண்டிராத ஒருவனுக்கு அவ்வூரை முதன்முதலாகச் சொல்லிக்கொடுக்கும் எழுத்தும் அதுவே. அவன் எதனைக் காண்பான், எதனைக் காணாது கடந்து செல்வான் என்பதை அது பெரும்பாலும் முன்கூட்டியே தீர்மானித்துவிடுகின்றது. ஆதலின் இத்தகைய எழுத்தைத் திறனாய்வுக்கு உட்படுத்துவது வீண்வேலை ஆகாது. தமிழில் இதற்கு அளவுகோல் இல்லாமலுமில்லை. வழி சொல்லுவதையே பொருளாகக் கொண்ட பாட்டுக்கள் பத்துப்பாட்டினுள்ளேயே உள்ளன.

முதலில் வழியை நோக்குவோம். பேராதனை, பதுளை, செங்கலடி என்னும் மூன்று ஊர்களின் பெயரால் அறியப்படும் பெருந்தெரு, நுவரெலியாவைக் கடந்து வெலிமடையூடாக ஹாலி-எலவுக்கும் பதுளைக்கும் இறங்குகின்றது. பின்னர் பசறை, லுணுகலை, பிபிலை, மகா ஓயா எனக் கிழக்கு நோக்கிச் சென்று மட்டக்களப்புச் சமவெளியை அடைகின்றது. கொழும்பிலிருந்து இரத்தினபுரியூடாக வரும் தெரு பெரகலையில் பிரிகின்றது. ஒரு கிளை அப்புத்தளை, பண்டாரவளை வழியே ஹாலி-எலவை நோக்கி ஏறிச்செல்ல, மற்றையது கொஸ்லந்தை வழியே வெல்லவாயவுக்கு இறங்குகின்றது. எல்லவிலிருந்து வெல்லவாய வரையில் முப்பது கிலோமீற்றருக்குள் ஏறத்தாழ 800 மீற்றர் உயரத்தை இழக்கின்றோம். இறங்குவோனுக்கு அது பெருங்களிப்பு; ஏறுவோனுக்கு மூச்சுமுட்டும். ஆறுகளும் இவ்வாறே திசைக்கொன்றாகப் பிரிகின்றன. உமா ஓயாவும் பதுளு ஓயாவும் மகாவலியைச் சேர, கிரிந்தி ஓயா எல்லவின் இடுக்கு வழியே தெற்குக் கடலைத் தேடுகின்றது.

வழிக்குறிப்புக்கள் இவற்றையெல்லாம் செம்மையாகவே கூறுகின்றன. துன்ஹிந்த நீர்வீழ்ச்சியின் உயரம், தியலும நீர்வீழ்ச்சியின் 220 மீற்றர், 1921இல் கட்டிமுடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலம், தெமோதரையில் தன்னைத் தானே சுற்றிக் கீழே நுழையும் புகையிரதப் பாதை, தம்பேதன்ன மலையுச்சியில் லிப்டன் அமர்ந்து தன் தோட்டங்களை நோக்கிய இடம் என யாவும் உண்டு. இல்லாதது ஒன்றே. அத்தேயிலைச் சரிவில் வாழ்வோர் யாரென்பது கூறப்படுவதில்லை. லயங்கள் பச்சைக்கு நடுவே ஒரு வெள்ளைக் கோடாகவும், கொழுந்து பறிப்போர் நிறப்புள்ளிகளாகவும் வந்து போகின்றனர். அவர்கள் காட்சியின் பகுதி, வழியின் பகுதியல்லர்.

இனி மலைபடுகடாத்தை எடுத்துக்கொள்வோம். பெருங்கௌசிகனார் பாடிய 583 அடி கொண்ட இப்பாட்டு, நன்னனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன் எதிர்ப்பட்ட மற்றொரு கூத்தர் கூட்டத்துக்கு மலைவழியைச் சொல்லுவதாக அமைந்தது. மலையும் ஆறும் சிற்றூர்களும் நிறைந்த நிலம் அது. அழகு இங்கும் குறைவின்றி உண்டு. ஆயின் அழகுக்கு இடையிலே அவன் சொல்லும் செய்திகள் வேறு வகையின. பன்றியைப் பிடிக்கத் தினைப்புனத்தோர் அமைத்த பொறிகள் எங்கே உள்ளன, யானையை விரட்டக் கவணில் எறியும் கல் எத்திசையிலிருந்து வரும், பாம்பு உறையும் குழி எது, பாசி படர்ந்து வழுக்கும் பாறையில் எதனைப் பற்றி நடப்பது என்பனவெல்லாம் கூறப்படுகின்றன. வழி பிரியும் இடத்தில் தரையைத் துடைத்துப் புல்லை முடிந்து வைக்கும்படியும் சொல்லப்படுகின்றது. பின்னால் வருவோர் தவறான கிளையில் சென்றுவிடலாகாது என்னும் கவலை அது. முன்னே செல்பவன் பின்னே வருபவனுக்குப் பொறுப்பாளி என்னும் உணர்வே இப்பாட்டின் உயிர்நாடி எனலாம். ஒவ்வொரு குடியிருப்பிலும் யார் இருப்பர், என்ன உண்பர், வந்தவனுக்கு என்ன இடுவர் என்பதும் தவறாது கூறப்படுகின்றது. அந்நிலத்தில் மனிதர் இன்றி வழியே இல்லை.

மற்றொரு செய்தி நமது பொருளுக்கு மிக நெருக்கமானது. வழியோரத்து நடுகற்களைக் கூத்தன் சுட்டிக்காட்டி, அவற்றை வணங்கிச் செல்லுமாறு கூறுகின்றான். இறந்தோர் நின்ற இடத்தை அறியாது ஓர் ஊரைக் கடப்பது முறையன்று என்பது அக்காலத்து வழிநூலின் கொள்கை. இவ்விடத்தில் கொஸ்லந்தையை நினைத்துப் பார்க்க வேண்டும். 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்கள் மண்ணுள் புதையுண்டன. அந்நிலம் ஆபத்தானது என்னும் எச்சரிக்கை அதற்கு முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. தியலுமவைத் தேடி அத்தெருவில் மிதித்துச் செல்பவன் அவ்விடத்துக்கு அண்மையாகவே செல்கின்றான். அவனது கையிலுள்ள குறிப்பு நீர்வீழ்ச்சியின் உயரத்தை மீற்றர் கணக்கில் சொல்லும். மீரியபெத்தை என்னும் பெயரைச் சொல்லாது. மழைக்காலத்தில் அச்சரிவுகளின் கீழே செல்வது குறித்து அவனது உயிருக்கே பயன்படக்கூடிய எச்சரிக்கையும் அப்பெயருடனேயே விடுபட்டுப் போகின்றது. மனிதரை விட்டுவிட்ட எழுத்து வழியையும் அரைகுறையாகவே சொல்கின்றது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பெயர்களின் செய்தியும் இத்தகையதே. தோட்டங்களுக்கு ஆங்கிலப் பெயர் ஒன்றும், சிங்கள இடப்பெயர் ஒன்றும், தொழிலாளர் நாவில் வழங்கும் தமிழ்ப் பெயர் ஒன்றும் இருப்பதுண்டு. வரைபடத்தில் முன்னிரண்டுக்கே இடம். பதுளைக்கு அண்மையிலுள்ள டெல்பெத்தைத் தோட்டம் தொழிலாளர்க்குத் தெளிவத்தை. அங்கே ஆசிரியராகப் பணியாற்றிய ஜோசப் அப்பெயரைத் தம் பெயருக்கு முன்னே வைத்துக்கொண்டார். வரைபடம் ஏற்காத ஒரு பெயர் இவ்வாறு ஈழத்து இலக்கிய வரலாற்றில் நிலைபெற்றது. 2013இல் அவருக்கு விஷ்ணுபுரம் விருது வழங்கப்பட்டபோது தமிழகத்து வாசகர்களும் அப்பெயரை உச்சரித்தனர். மடுல்சீமையிலும் தமிழ்ச் செவி தன் வேலையைச் செய்திருக்கின்றது. அங்கு ஒலிப்பது தமிழ்ச் ‘சீமை’யே என்று கொள்வதில் நம்மவர்க்கு ஐயமே எழுந்ததில்லை! இப்பெயர்களை அறியாதவன் வழி தவறி ஒரு மூதாட்டியிடம் விசாரித்தால் இருவரும் ஒருவரையொருவர் விளங்கிக்கொள்ளப் போவதில்லை.

இவ்விடுபடுதல் இன்று நேர்ந்ததன்று. பிரித்தானியர் காலத்து எழுத்திலேயே இதன் வேர் உள்ளது. பதுளையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த மேஜர் றொஜர்ஸ் யானை வேட்டையால் பெயர் பெற்றவர். ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகக் கூறுவர். 1845இல் அப்புத்தளையில் இடிதாக்கி இறந்த அவரது நினைவாகப் பதுளையில் புனித மாற்கு தேவாலயம் எழுந்தது. தெருவமைப்பின் தலைவராக விளங்கிய தோமஸ் ஸ்கின்னரின் தன்வரலாறு 1891இல் நூலாக வெளிவந்தது. தெருவை வெட்டியவர்களுக்கு இத்தகைய நினைவுச்சின்னங்கள் இல்லை. 1848ஆம் ஆண்டுத் தெருச்சட்டம், ஆண்டுக்கு ஆறு நாள் உடலுழைப்பு அல்லது அதற்கீடான வரி என்று ஒவ்வோர் ஆண்மகனையும் கட்டாயப்படுத்திற்று. அவ்வாண்டுக் கிளர்ச்சிக்கு அதுவும் ஒரு காரணம். மலைகளில் பாறை உடைக்கும் வேலையில் தென்னிந்தியத் தமிழ்க் கூலிகளும் பெருந்தொகையாக ஈடுபடுத்தப்பட்டனர். மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியே நடந்துவந்து கோப்பித் தோட்டங்களை அடைந்தவர்களுக்கு வழிக்குறிப்பு எழுதிக் கொடுத்தவர் இல்லை. கங்காணியின் முதுகே அவர்களுக்கு வழிகாட்டி.

உமா ஓயாவைப் பற்றியும் ஒரு சொல். வெலிமடைப் பக்கத்து வளைவுகளில் இவ்வாற்றைக் கண்டு மகிழுமாறு குறிப்புக்கள் கூறும். இவ்வாற்று நீரைச் சுரங்க வழியே கிரிந்தி ஓயாப் படுகைக்குத் திருப்பும் திட்டம் 2024 ஏப்பிரலில் திறந்துவைக்கப்பட்டது. சுரங்கம் தோண்டப்பட்ட காலத்தில் பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன, மக்கள் தெருவில் இறங்கினர். தெருவின் மேலே செல்வோனுக்குக் கீழே நடந்தது தெரியாது.

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். புலவன் பாட்டையும் பயணிக்கான கைக்குறிப்பையும் ஒரே தராசில் நிறுத்தல் நேர்மையா? ஆற்றுப்படையும் களங்கமற்ற எழுத்தன்று. வழியின் முடிவில் ஒரு புரவலன் இருக்கின்றான். அவனைப் புகழ்வதே பாட்டின் தொழில். வழியில் உள்ளோர் யாவரும் வயிறார உண்டு விருந்தோம்புகின்றனர். பசி பரிசிலரோடு மட்டுமே பயணஞ் செய்கின்றது. நன்னனது நாட்டில் வறியவனே இல்லை என்று எவர் நம்புவர்? இதனை ஏற்கின்றேன். ஆயினும் புரவலனைப் புகழப் புறப்பட்ட பாட்டே இத்துணை மனிதரைக் காட்டவேண்டியிருந்தது என்பதே எனது வாதத்துக்குப் போதும். இன்றைய குறிப்புக்குப் புரவலன் வேறு. அவன் தங்குவிடுதிச் சந்தை. அச்சந்தைக்கு வெறுமையான மலையே அழகு.

மலையக இலக்கியத்திடம் இக்குறைக்கான மாற்று உண்டா? ஓரளவுக்கே உண்டு. கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’, பெயரிலேயே தூரத்திலிருந்து பார்க்கும் கண்ணைக் கேள்விக்குள்ளாக்குகின்றது. தெளிவத்தை ஜோசப்பின் ‘மீன்கள்’ ஒற்றை அறையுள் ஒரு குடும்பம் முழுவதும் படுத்துறங்கும் நெருக்கடியைக் காட்டுகின்றது. தெருவிலிருந்து வெள்ளைக் கோடாகத் தெரியும் லயத்தின் உள்ளே அது நம்மை இட்டுச் செல்கின்றது. ஆனால் இவ்விலக்கியத்தின் பெரும்பகுதி தோட்டத்து எல்லைக்குள்ளேயே சுழல்கின்றது. பிரட்டுக்களம், கொழுந்து மடுவம், துரை பங்களா, கோயில்; இவற்றைத் தாண்டினால் சம்பள நாளில் ஒரு கடைத்தெரு. தோட்டத்துக்கும் அடுத்த சிங்களக் கிராமத்துக்கும் இடையேயுள்ள ஒற்றையடிப் பாதையில் நடக்கும் கதைகளை விரல்விட்டு எண்ணலாம். குடியுரிமை பறிக்கப்பட்ட மக்களுக்குத் தோட்டமே உலகமாக்கப்பட்டது என்பது சரியான விளக்கம்தான். அவ்விளக்கம் 1950களுக்குப் பொருந்தும். 1992இன் பின் தோட்ட நிருவாகம் கம்பனிகளிடம் சென்று, இளைஞர் கொழும்புக் கடைகளுக்கும் பெண்கள் மத்திய கிழக்குக்கும் வேலை தேடிப் போய்க்கொண்டிருக்கும் காலத்துக்கு அது முற்றாகப் பொருந்தாது.

யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் துவிச்சக்கரவண்டி குடும்பத்தின் உறுப்பினன் போன்றது. சமதரை அதற்கு இடங்கொடுத்தது. ஊவாவின் தோட்டங்களில் கால்களே வண்டி. நமுனுகுல மலைச்சரிவிலிருந்து பசறைத் தெருவுக்கு இறங்கி, பஸ் வராத நாளில் திரும்பவும் ஏறுகின்ற பாடசாலைப் பிள்ளைகள் அவ்வழியின் ஒவ்வொரு குறுக்குப்பாதையையும் வழுக்கும் கல்லையும் அறிவர். எந்த வேளையில் மலையில் மூடுபனி இறங்கும், எந்த லயத்து நாய் கடிக்கும், மழை பிடித்தால் எந்த வீட்டுத் திண்ணையில் ஒதுங்கலாம் என்பவை அவர்களுக்கு மனப்பாடம். மலைபடுகடாத்துக் கூத்தன் சொன்னவையும் இவை போன்றவையே.