ஆயில் இன்ஜினின் உடற்கட்டு

மரக்காணம் உப்பளத்தில் உவர்நீர் இறைக்கும் பழைய ஆயில் இன்ஜினைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கேறிய கனத்த வார்ப்பிரும்பு உடல். அடிப் போல்ட்டில் மட்டும் துரு செதில் செதிலாக உரியும்.

இந்த மெதுவேக இனத்தின் மூதாதை, இங்கிலாந்தின் லிஸ்டர் கம்பெனி 1929 வாக்கில் கொண்டுவந்த ஒற்றை சிலிண்டர் டீசல். ராஜ்கோட்டில் அதன் நகல்களை வார்த்துத் தள்ளினார்கள். நிமிடத்துக்கு 600 சுற்றில் 5 குதிரைத்திறன். பிறகு 650-ல் 6. சில மாற்றங்களோடு 850-ல் 8. கொள்ளளவோ ஏறக்குறைய 1.4 லிட்டர்! இன்றைய கார்க்காரர் சிரிப்பார். சிரிக்கட்டும், அந்தக் கஞ்சத்தனம்தான் ஆயுள்.

வேகத்தைக் கூட்டி இன்னும் பிழிந்தால் பிளாக் தாங்கலாம்; பிளைவீல் தாங்க வேண்டுமே? வேகம் இரட்டித்தால் அதைப் பிய்க்கும் விசை நான்கு மடங்காகும். அவசரத்துக்கு, வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் ஸ்பிரிங்கை முறுக்குகிறவர்களைக் கண்டால் நான் நாலடி தள்ளியே நிற்பேன்.