நரம்பியல் துறைக்கு ஒரு தலைவர்

கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் ஆகிய மருத்துவ பீடங்களின் துறைப் பட்டியலைப் பார்த்தால் உடற்கூற்றியல், உடற்றொழிலியல், மருத்துவம், சத்திரசிகிச்சை, உளமருத்துவம் எல்லாம் இருக்கும். நரம்பியல் தனித்துறையாக இருக்காது. வலிப்பு, பக்கவாதம், பார்க்கின்சன் பற்றி மாணவர்கள் படிக்காமல் இல்லை. மருத்துவத் துறையின் ஒரு மூலையில் படிக்கிறார்கள். நரம்பியல் நிபுணரை உருவாக்குவதும் துறை அல்ல. 1980இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு அமைந்த பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் கல்வி வாரியம் அவரைத் தேர்ந்தெடுக்கும், வெளிநாட்டுப் பயிற்சிக்கு அனுப்பும், திரும்பி வந்ததும் சான்று கொடுக்கும். பிறகு அவர் சுகாதார அமைச்சின் ஆள். பல்கலைக்கழகத்துக்கு அவர் வருகை விரிவுரையாளர், அவ்வளவுதான்.

ஆகவே இந்தியாவில் "நியூரோ துறைக்கு யாரை எச்.ஓ.டி. ஆக்குவது" என்று சண்டை நடக்கும்போது, இங்கே கேள்வியே வேறு: அந்த நாற்காலியை எங்கே போடுவது?

இருக்கிற துறைகளுக்கு நாங்கள் தலைவரைக் கண்டுபிடிக்கும் விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டப்படி துறைத் தலைமை மூன்றாண்டுப் பதவி. பேராசிரியர்தான் வேண்டும் என்றில்லை, சிரேஷ்ட விரிவுரையாளரும் ஆகலாம். காகிதத்தில் இது தாராளமான ஏற்பாடு. நடைமுறையில், துறையில் இருப்பதே ஐந்தாறு பேர். ஒருவர் சபாத்திகல் விடுமுறையில், இன்னொருவர் மேற்படிப்புக்குப் போனவர் இன்னும் திரும்பவில்லை, ஒருவர் போன மாதம்தான் தகுதிகாண் காலத்தில் சேர்ந்தவர். மிச்சமிருக்கும் இருவரில் ஒருவர் "எனக்கு வேண்டாம் சேர்" என்பார். மற்றவர் தலைவராவார். நேர அட்டவணை, வினாத்தாள் மீளாய்வு, லீவுப் படிவம், பீடச் சபைக் கூட்டம் என்று மூன்றாண்டு ஓடிவிடும். ஆய்வைத் தொட நேரம் கிடைக்காது. ஆனால் பேராசிரியர் பதவியுயர்வுக்கான 916ஆம் இலக்கச் சுற்றுநிருபத்தின் புள்ளித் திட்டத்தில் பல்கலைக்கழக வளர்ச்சிக்கு ஆற்றிய பணிக்கும் இடமுண்டு என்பது ஓர் ஆறுதல். அதோடு, அந்தச் சட்டம் வகுத்த வழியில் பீடாதிபதியைப் பீடச் சபை தேர்ந்தெடுப்பது துறைத் தலைவர்களிடையே இருந்துதான். சிலர் "வேண்டாம்" என்பதும் சிலர் அவசரமாக "சரி" என்பதும் இந்தக் கணக்கை வைத்துத்தான்.

இந்தியாவில் ஆள் பஞ்சம் இந்த அளவுக்கு இல்லை. அங்கே பிரச்சினை வரிசை. டெல்லிப் பல்கலைக்கழகம் போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களில் தலைமை பேராசிரியர்களிடையே சீனியாரிட்டிப்படி மூன்றாண்டுக்கு ஒருமுறை சுற்றும். டெல்லி எய்ம்ஸில் நெடுங்காலம் அதற்கு நேர்மாறு: மூத்தவர் தலைவரானால் ஓய்வு பெறும் நாள்வரை அவர்தான். ஓராண்டு பின்னால் சேர்ந்தவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் காத்திருக்க வேண்டியதுதான். சுழற்சி முறை வேண்டும் என்று அங்குள்ள ஆசிரியர்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டு வந்ததில் எனக்கு வியப்பில்லை.

இந்திய மருத்துவக் கல்லூரியில் இன்னொரு நெருக்கடி உண்டு. நரம்பியல் உயர்சிறப்புப் படிப்பான டி.எம். நியூராலஜிக்கு இடங்கள் எத்தனை என்பது துறையில் உள்ள பேராசிரியர்களின் எண்ணிக்கையோடு கட்டப்பட்டிருக்கிறது. ஒருவர் ஓய்வு பெற்றால் இடங்கள் ஆட்டம் காணும். அப்போது தேசிய மருத்துவ ஆணையத்தின் ஆய்வுக்கு முன்னால் ஒரு பேராசிரியரைப் பிடித்து வர வேண்டும். துறையை அவர் எங்கே கொண்டுபோவார் என்று யோசிக்க யாருக்கு நேரம்?

ஒரு விஷயத்தில் இந்தியா யோசித்திருக்கிறது, இலங்கை யோசிக்கவே இல்லை. பேராசிரியர் இடங்கள் இரண்டோ மூன்றோதான் உள்ள சிறிய துறையில் இடஒதுக்கீட்டை எப்படிக் கணக்கிடுவது? துறையையே அலகாகக் கொள்ள வேண்டும் என்று 2017இல் அலகாபாத் உயர்நீதிமன்றம் சொன்னது. அப்படிக் கொண்டால் சிறிய துறைகளில் ஒதுக்கீட்டு முறை வரவே வராது. நரம்பியல் போன்ற புதுத் துறைகளின் தலைமை முழுக்க ஒரு சாராரிடமே தங்கிவிடும். பெரும் எதிர்ப்புக்குப் பின் 2019இல் நாடாளுமன்றம் சட்டமியற்றிப் பல்கலைக்கழகம் முழுவதையும் ஒரே அலகாக்கியது. இங்கே மாணவர் அனுமதிக்கு மாவட்டக் கோட்டா வைத்துச் சண்டை பிடிக்கிறோம். ஆசிரியர் நாற்காலிகளில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்ததில்லை.

ஆனால் இந்திய நரம்பியல் எழுந்தது வரிசையாலும் அல்ல, சுழற்சியாலும் அல்ல. 1949இல் வேலூர் சி.எம்.சி. ஜேக்கப் சாண்டியை அழைத்தது. அவர் மொன்றியலில் நரம்பு அறுவை நிபுணர் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்றவர். அப்போது இந்தியாவில் இப்படியொரு துறையே இல்லை, ஆகவே சீனியாரிட்டி என்ற பேச்சுக்கே இடமில்லை. அறுவை சிகிச்சை ஒரு பக்கம், நரம்பு மருத்துவம் ஒரு பக்கம் என்று பிரிக்காமல் ஒரே துறையாகக் கட்டினார். மருத்துவப் பக்கத்துக்கு பல்தேவ் சிங் வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டே சென்னை பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி தொடங்கினார். 1951இல் இவர்கள் எஸ்.டி. நரசிம்மனோடு சேர்ந்து இந்திய நரம்பியல் சங்கத்தை நிறுவினார்கள். அறுபது ஆண்டு கழித்து இதே வழி பெங்களூரிலும் தெரிகிறது: 2009இல் இந்திய அறிவியல் நிறுவனம் நரம்பறிவியல் மையம் தொடங்கியபோது, மனநல, நரம்பறிவியல் நிறுவனமான நிம்ஹான்ஸில் பணிபுரிந்து, பிறகு மானேசரில் தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தைக் கட்டி எழுப்பிய விஜயலட்சுமி ரவீந்திரநாத்தைத் தலைமைக்குக் கொண்டுவந்தது. ஏற்கெனவே ஒன்றைக் கட்டியவரைத் தேடிப் பிடித்து இன்னொன்றைக் கட்டச் சொன்னார்கள்.

துறை இல்லாமலும் வேலை நடக்கும் என்று சொல்வோர் பேராதனையைக் காட்டுவார்கள். 1987இல் நிமால் சேனாநாயக்கவும் லக்ஷ்மன் கரல்லியத்தவும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பூச்சிமருந்து குடித்தவர் முதல் ஆபத்திலிருந்து மீண்ட பிறகு, ஓரிரு நாள் கழித்துக் கழுத்துத் தசையும் சுவாசத் தசையும் தளர்ந்துபோகும் நிலையை அதில் விவரித்தார்கள். உலகம் முழுதும் இன்று அது பாடப்புத்தகச் செய்தி. ஒருவர் மருத்துவப் பேராசிரியர், மற்றவர் மயக்க மருந்தியல்காரர். உண்மைதான். ஆனால் அவர்களுக்குப் பின்னால் அதே வேலையைத் தொடர ஒரு விரிவுரையாளர் இடமோ ஓர் ஆய்வுகூடமோ நரம்பியலின் பெயரில் எழவில்லை. நல்ல ஆட்கள் ஓய்வு பெற்றுவிடுவார்கள், அவர்களோடு கேள்வியும் ஓய்வு பெற்றுவிடும்.

கண்டியிலோ யாழ்ப்பாணத்திலோ நாளைக்கு இப்படி ஒரு துறை தொடங்கி வெளியிலிருந்து தலைவரைக் கொண்டுவர நினைத்தால், முதலில் முட்டுவது சம்பளத்தில் அல்ல, கட்டிலில். போதனா வைத்தியசாலையின் கட்டில்கள் சுகாதார அமைச்சுடையவை, நரம்பியல் விடுதி அமைச்சின் நிபுணரிடம் இருக்கிறது, பேராசிரியரோ உயர்கல்விப் பக்கத்து ஆள். புதிய விரிவுரையாளர் இடங்களுக்கு முகாமைத்துவ சேவைகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். இவற்றை முடிக்காமல் தகைமைப் பட்டியலோடு பத்திரிகையில் விளம்பரம் போடுவதுதான் எங்கள் வழக்கம். லண்டனிலும் மெல்பேர்னிலும் இருக்கும் எங்கள் பிள்ளைகள் சிலர் அதைப் பார்த்து மின்னஞ்சல் எழுதத்தான் செய்வார்கள். எத்தனை கட்டில், இ.இ.ஜி. யாருடைய பொறுப்பில், கூட எத்தனை பேர் என்று கேட்பார்கள். இரண்டு அமைச்சுகளும் கையெழுத்திட்ட ஒரு தாள் பதிவாளரிடம் இருந்தால், பதிலை அன்றைக்கே அனுப்பலாம்.