1 றாத்தல் கேக்கில் எழுதாமல் விட்ட அளவு

அம்மம்மாவின் சமையல் கொப்பி கிடைத்தது. பட்டர், சீனி, கோதுமை மா ஒவ்வொன்றும் 1 றாத்தல், முட்டை 10. பேக்கிங் பவுடர் இல்லை. கடைசியில் ‘நல்லா அடிக்கவும்’.

பத்து நிமிஷம் அடிச்சேன். செங்கல் மாதிரி வந்தது. மனுசி எதையோ ஒளிச்சிட்டா என்றுகூட நினைத்தேன்.

ஹன்னா கிளாஸ் 1747இல் லண்டனில் வெளியிட்ட சமையல் நூலிலும் பட்டர், சீனி, மா இதே அளவுதான். முட்டை 12, வெள்ளைக்கரு மட்டும் பாதி. ஆனால் அவர் ஒரு மணி நேரம் அடிக்கச் சொல்கிறார், கையால் அல்லது பெரிய மர அகப்பையால். அடிக்கும்போது சேரும் காற்றில்தான் இந்தக் கேக் எழும்புகிறது.

நம் கொப்பிகள் சாமானை எண்ணுகின்றன, வேலையை எண்ணுவதில்லை. பாசத்தில் நாமும் அதைக் கவனிப்பதில்லை.

அப்ப ஆர் அடிச்சது? சித்தியிடம் கேட்டேன்.

“வேற ஆர், நான்தான். கை விறைச்சுப் போகும்.”

கொப்பியில் அவ பெயர் எங்கேயும் இல்லை.