சுவரொட்டியும் ஸ்ரீ அன்னாவும்: 'உணவு மரபு' என்கிற பேச்சு குறித்துச் சில குறிப்புகள்

1

அம்மாவுக்குச் சர்க்கரை. போன வருஷம் ரத்தப் பரிசோதனை செய்தபோது ஹீமோகுளோபினும் எட்டுக்குக் கீழே போய்விட்டிருந்தது. தருமபுரிப் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து நகரத்து மருத்துவமனை ஒன்றுக்கு அழைத்துப் போனேன். டாக்டர் நல்ல மனுஷர். பொறுமையாகப் பேசினார். "அரிசியக் குறைங்கம்மா. நம்ம பாரம்பரிய உணவுக்குத் திரும்புங்க. கேழ்வரகு, கம்பு, சாமை, தினை... அந்தக் காலத்துல இதச் சாப்பிட்டவங்களுக்குச் சர்க்கரை வந்துச்சா?" என்று கேட்டுவிட்டு, அச்சடித்த உணவு அட்டவணை ஒன்றையும் கொடுத்தார்.

வெளியே வந்ததும் அம்மா சொன்னார்: "கேவுருக் களியத் தின்னு தின்னு நாக்கு செத்துத்தான்டா நெல்லுச் சோத்துக்கு வந்தோம். இந்தாளு திரும்பிப் போவச் சொல்றாரு. எங்க போவச் சொல்றாரு?"

இன்னொன்றும் நடந்தது. அசைவம் சாப்பிடுவீர்களா என்று அங்கிருந்த உதவியாளர் கேட்டதற்கு அம்மா, "கோழி, மீனு. எப்பனா ஒருதரம்" என்றார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எங்கள் தெருவில் வேகிற மாட்டுக்கறி அந்தப் பதிலில் இல்லை. பக்கத்தில் நின்ற நானும் வாயைத் திறக்கவில்லை. பதினைந்து வருஷமாக மேடைகளில் தலித் பண்பாடு பற்றிப் பேசிக்கொண்டிருப்பவன் நான்.

இந்தக் குறிப்புகள் அந்த விடுபடலிலிருந்து தொடங்குகின்றன. 'மரபுக்குத் திரும்பு' என்று ஒரு நோயாளிக்குச் சொல்லும்போது யாருடைய மரபு, அதில் எந்தப் பகுதி, யார் எப்போது உண்டது என்கிற மூன்று கேள்விகளும் சத்தமில்லாமல் அழிக்கப்படுகின்றன. இந்த அழிப்பு வெறும் சொல்லாடல் பிரச்சினை இல்லை. அம்மாவின் ரத்தத்தில் அது எண்ணாகத் தெரிகிறது.

2

சொற்களிலிருந்தே ஆரம்பிக்கலாம். நெல் விளைவது நன்செய். கேழ்வரகும் கம்பும் சாமையும் விளைவது புன்செய். நன்மைக்கும் புன்மைக்கும் உள்ள தூரத்தை நிலத்தின் பெயரிலேயே எழுதி வைத்திருக்கிற மொழி நம்முடையது. தானியம் அந்தப் பெயரைச் சுமந்தது. அதைத் தின்றவனும் சுமந்தான். எங்கள் தாத்தா காலத்தில் கூலி கேவுரில்தான் அளக்கப்பட்டது. நெல்லுச்சோறு என்றால் தீபாவளி, பொங்கல், சாவுச் சடங்கு.

1967 தேர்தலில் 'ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்' என்கிற முழக்கம் ஏன் அப்படிப் பற்றிக்கொண்டது என்பதை இந்தப் பின்னணியில்தான் வாசிக்க வேண்டும். பஞ்சம் ஒரு காரணம். அரிசி என்கிற கௌரவம் இன்னொரு காரணம். 2011 ஜூன் முதல் ரேஷனில் விலையில்லா அரிசி வந்தபோது, அதைச் 'சோம்பேறியாக்கும் அரிசி' என்று ஏளனம் செய்தவர்கள் பெரும்பாலும் ஒருபோதும் களியைக் கட்டாயமாகத் தின்றறியாதவர்கள்.

இப்போது எதிர்த்திசைப் பயணம் நடக்கிறது. ஆங்கிலத்தில் 'கரடுமுரடான தானியம்' என்று வகைப்படுத்தப்பட்டிருந்தவை 2018இல் அரசிதழ் வழியாக 'ஊட்டச்சத்துத் தானியம்' ஆயின. 2023 ஐ.நா.வின் சிறுதானிய ஆண்டு. அந்த ஆண்டு ஒன்றிய பட்ஜெட் உரையில் அவற்றுக்கு 'ஸ்ரீ அன்னா' என்று பெயர் சூட்டப்பட்டது. பறையனும் சக்கிலியனும் குறவனும் தின்ற தானியத்துக்குப் பூணூல் கல்யாணம் நடந்து முடிந்தது. தின்றவனுக்கு நடக்கவில்லை.

தானியத்தின் மேல் எனக்கு வழக்கு ஏதும் இல்லை. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. தீட்டிய அரிசியில் பத்தை ஒட்டித்தான். மானாவாரி நிலத்துக்கும் அது உகந்த பயிர். என் வழக்கு 'அந்தக் காலம்' என்கிற கதையாடலோடுதான். அந்தக் காலத்தில், அதாவது நாடு விடுதலை அடைந்த சமயத்தில், இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 32 வருஷம். சர்க்கரை நோய் வருகிற வயசுக்குப் பலர் வந்து சேரவே இல்லை. பிழைத்திருந்தவர்கள் பொழுதெல்லாம் ஏர் பின்னால் நடந்தார்கள். அவர்கள் தின்ற களியை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்து, நடையையும் பசியையும் கழித்துவிட்டு, பிஸ்கட்டாகப் பொட்டலம் கட்டினால் அதற்குப் பெயர் மரபா? மாவை எவ்வளவு நைசாக அரைத்தோம், கஞ்சியாகக் குடித்தோமா களியாகத் தின்றோமா, எவ்வளவு தின்றோம் என்பதைப் பொறுத்துச் சர்க்கரை ஏறும் வேகமே மாறும். அட்டவணையில் இதெல்லாம் இல்லை. 'கேழ்வரகு' என்று ஒரே சொல்தான் இருந்தது.

3

உடம்பை உணவால் தரம் பிரிக்கிற வேலைக்கு நம் பக்கத்திலேயே ஒரு வரலாறு இருக்கிறது. 1920களில் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் என்கிற பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் வெள்ளெலிகளுக்கு இந்தியாவின் வெவ்வேறு மக்களுடைய உணவைக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார். கோதுமையும் பாலும் வெண்ணெயும் காய்கறியும் சேர்ந்த 'சீக்கிய உணவு' முதலிடம். அரிசியை நம்பிய 'மதராஸி உணவு' கடைசி இடம். எலிகளின் எடை பொய்யல்ல. பாலும் காய்கறியும் இல்லாத சோற்றில் எலியும் வளராது, பிள்ளையும் வளராது. ஆனால் அந்தத் தரவரிசை, பிரிட்டிஷ் ராணுவம் ஏற்கெனவே வைத்திருந்த 'போர் இனங்கள்' என்கிற பட்டியலுக்கு எவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியது என்று பாருங்கள். யார் அந்த 'மதராஸி'? மிராசுதாரா, அவருடைய பண்ணையாளா, நீலகிரித் தோட்டத்துக் கூலியா? வறுமை ஒரு தட்டில் போடப்பட்டு, அதன்மேல் ஒரு இனத்தின் பெயர் ஒட்டப்பட்டது.

அதே குன்னூர் ஆய்வகத்திலிருந்து இன்னொரு கதையும் வருகிறது. மெக்காரிசனுக்கு அடுத்து 1935இல் பொறுப்பேற்ற அய்க்ராய்டு காலத்தில் பெரிபெரி நோய் பற்றிய ஆய்வுகள் நடந்தன. சென்னை மாகாணத்தின் வடசர்க்கார் பகுதியில், மில்லில் தீட்டிய பச்சரிசி தின்றவர்களிடம் அந்த நோய் பரவியிருந்தது. புழுங்கல் அரிசி தின்றவர்கள் பெரும்பாலும் தப்பித்தார்கள். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கிற தயமின் அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுசாகப் போவதில்லை. ஆசாரம் என்ன சொல்லிற்று? புழுங்கல் ஏற்கெனவே ஒருமுறை வெந்தது, தீட்டு. பூஜைக்கும் சடங்குக்கும் பச்சரிசிதான் சுத்தம். நரம்பைக் காப்பாற்றியது தீட்டான அரிசி. சுத்தத்தின் படிவரிசையும் ஆரோக்கியத்தின் படிவரிசையும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட எளிய உதாரணம் எனக்குத் தெரியாது.

4

இனி எழுதப்பட்ட சமையலுக்கு வருகிறேன். எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951இல் வெளிவந்தது. கல்யாணமாகிப் போகிற பெண்ணுக்குச் சீரோடு கொடுக்கப்பட்ட புத்தகம். ஒரு பெண் தன் கைப்பக்குவத்தை அளவும் முறையுமாக எழுதி அச்சிட்டது சாதாரணக் காரியமில்லை. அவர் தன் அடுப்படியை எழுதினார், அவ்வளவுதான். தவறு அவருடையதில்லை. அந்த அடுப்படியே 'தமிழர் சமையல்' என்று பின்னால் வந்த வாரப் பத்திரிகைகளும் டி.வி.யும் ஆஸ்பத்திரி அட்டவணைகளும் எடுத்துக்கொண்டதில்தான் வன்முறை இருக்கிறது.

பெரும்பாணாற்றுப்படையில் பாணன் போகிற வழியெல்லாம் சாப்பாடு மாறிக்கொண்டே போகிறது. எயினர் குடியில் உடும்புக்கறி, இடையர் குடியில் தினைச்சோறும் பாலும், உழவர் வீட்டில் வெண்ணெல் சோறும் கோழியும், வலைஞர் குடியில் மீன், அந்தணர் வீட்டில் மாவடு. அந்தப் பிரதியில் இவை யாவும் விருந்து. நம் சமையல் புத்தகத்துக்குள் நுழைய முடிந்தது மாவடுவுக்கு மட்டும்தான்.

மராத்தியில் ஷாஹு பாடோலே 2015இல் எழுதிய புத்தகத்துக்கு 'அன்னம் அபூரண பிரம்மம்' என்று பொருள்படும்படி தலைப்பு வைத்தார். அன்னமே பூரண பிரம்மம் என்கிற வாக்கைத் திருப்பிப் போட்ட தலைப்பு. மராத்வாடாவின் மகார், மாங் வீடுகளில் ரத்தத்தையும் குடலையும் காயவைத்த கறியையும் எப்படிச் சமைத்தார்கள் என்பதைச் செய்முறையாகவே எழுதியிருக்கிறார். தமிழில் தலித் தன்வரலாறுகளிலும் நாவல்களிலும் மாட்டுக்கறி வருகிறது. அவமானமாகவோ, அறைகூவலாகவோ, குறியீடாகவோ வருகிறது. எத்தனை பேருக்கு, எத்தனை நாழி, எவ்வளவு உப்பு என்று வருவதில்லை. குறியீட்டை வைத்து டாக்டர் அட்டவணை போட முடியாது, தோழர்களே.

சுவரொட்டி என்றதும் போஸ்டரும் பசை வாளியும் ஞாபகம் வருகிறவர்களுக்கு: ஆட்டின் மண்ணீரலுக்கும் அதுதான் பெயர். ரத்தம் குறைந்த பெண்ணுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் அதை வாங்கிச் சுட்டுக் கொடுப்பது ஊர்களில் வழக்கம். ஈரல், ரத்தப் பொரியல், வயல் நண்டு, நத்தை, கருவாடு, உப்புக்கண்டம் எல்லாம் இதே வரிசை. கறியிலும் ரத்தத்திலும் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்கிறது. தானியத்திலும் கீரையிலும் உள்ளதில் சிறு பங்குதான் சேர்கிறது. தானியத்தில் உள்ள பைட்டேட் அதைத் தடுக்கிறது, சாப்பாட்டோடு குடிக்கிற டீ இன்னும் தடுக்கிறது. மாவை ராத்திரி புளிக்கவைத்துக் கூழ் காய்ச்சினால் பைட்டேட் குறையும். புளித்த கூழும் தொட்டுக்கக் கருவாடும் என்பது அறிந்து செய்ததா, கிடைத்ததைக் கொண்டு செய்ததா என்பது வேறு விவாதம். கூழை எடுத்துக்கொண்டு, புளிப்பையும் கருவாட்டையும் விட்டுவிட்டதுதான் ஸ்ரீ அன்னா.

சுவரொட்டி தின்றால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. இரும்பு மாத்திரைக்குப் பதில் மாத்திரைதான். ஆனால் ஒரு பெண்ணிடம் அவள் வீட்டில் உண்மையாகவே இருக்கிற மருந்தைக் கேட்கவே முடியாதபடி ஒரு மருத்துவ உரையாடல் கட்டமைக்கப்பட்டிருக்கிறது. அதைத்தான் சொல்கிறேன்.

5

என் பக்கத்துக் குற்றத்தையும் எழுதிவிட வேண்டும். தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) தமிழகத்தில் 15 முதல் 49 வயசுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. இந்திய அளவில் 57. இந்த எண்களுக்கு உயர்சாதி அட்டவணை மட்டும் காரணமென்றால் எங்கள் தெருவில் ரத்தசோகையே இருக்கக்கூடாது. இருக்கிறது. ஏன்?

ஞாயிற்றுக்கிழமைக் கறி யாருக்குப் போகும்? முதலில் அப்பாவுக்கு. அப்புறம் 'படிக்கிற பையன்' எனக்கு. அப்புறம் தங்கைக்கு. அம்மா சட்டியைச் சோறு போட்டு வழித்துச் சாப்பிடுவார். கறியின் ருசி அவருக்குக் கிடைத்தது, கறி கிடைக்கவில்லை. 'எனக்குச் சாறு போதும் கண்ணு' என்பார். அதை நான் நாற்பது வயசு வரைக்கும் பிரியம் என்று நம்பினேன். எதைத் தின்றோம் என்று பெருமையாக எழுதுகிற நாம், எந்த வரிசையில் தின்றோம் என்று எழுதுவதில்லை. கடைசியில் தின்பதும் ஒரு மரபுதான். அது எல்லா சாதியிலும் உண்டு.

பள்ளிக்கூடம் இந்த வரிசையைக் கொஞ்சமாவது கலைத்த இடம். 1989இல் தமிழகச் சத்துணவில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை நுழைந்தது. 2010 முதல் வாரம் ஐந்து. ஆம்பளைப் பிள்ளைக்கும் பொம்பளைப் பிள்ளைக்கும் ஆளுக்கு ஒன்று, ஒரே பந்தியில். மத்தியப் பிரதேசத்தில் 2015இல் அங்கன்வாடிக்கு முட்டை வேண்டாம் என்று முதலமைச்சரே மறுத்தார். கர்நாடகத்தில் 2021இல் முட்டை கொடுக்கத் தொடங்கியபோது மடாதிபதிகள் எதிர்த்தார்கள். நாம் மார்தட்டவும் முடியாது. 2018இல் அவிநாசி அருகே ஒரு பள்ளியில் தலித் பெண் சமைக்கக்கூடாது என்று ஆதிக்க சாதிப் பெற்றோர்கள் மறித்தார்கள். முட்டையை ஏற்றுக்கொண்ட ஊர், அதை அவித்த கையை ஏற்றுக்கொள்ளவில்லை.

6

2023 மே மாதம் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தரத் தொடங்கினார்கள். நல்ல திட்டம். அம்மாவும் வாங்கினார். களி கிண்டினார். "நாமளா வாங்கித் தின்னா ருசியாத்தான் இருக்குது" என்றார். கூலியாக அளந்து போடப்பட்ட கேவுருக்கும், கார்டைக் காட்டி வாங்கின கேவுருக்கும் நடுவில் ஒரு ஜென்ம தூரம். உணவுத் தேர்வு என்று ஏதாவது உண்டென்றால் அது இந்தத் தூரத்தில்தான் இருக்கிறது. வேண்டாம் என்று சொல்ல முடிகிறவனுக்கு மட்டுமே தேர்வு. அரிசியும் கிடைத்து, பருப்பும் முட்டையும் கறியும் வாங்கக் காசும் இருந்து, அதற்கு மேல் களியைத் தேர்ந்தால் அதை ஆரோக்கியம் என்போம்.

மூன்று மாசம் கழித்து அதே டாக்டரிடம் போனோம். இந்தத் தடவை நான் சொன்னேன்: "வாரம் ஒருநாள் மாட்டுக்கறி சாப்பிடுவாங்க டாக்டர். எவ்வளவு சாப்பிடலாம்னு சொல்லுங்க." அவர் பேனா கொஞ்சம் நின்றது. அப்புறம் சொன்னார்: கொழுப்பு நீக்கி, எண்ணெய் குறைச்சு, மூணு துண்டு, காய் நிறைய, சாப்பிட்டதும் டீ வேண்டாம், இரும்பு மாத்திரையை நிறுத்த வேண்டாம். அட்டவணையின் ஓரத்தில் எழுதியும் கொடுத்தார். இரண்டு நிமிஷ வேலை.

பஸ்ஸில் பாதி தூரம் வரைக்கும் அம்மா என்னோடு பேசவில்லை. அப்புறம் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டார்: "அத ஏன்டா அங்க சொன்ன? அடுத்த தடவ அந்தாளு மூஞ்சிய நான் எப்பிடிப் பாக்கறது?"

பதினைந்து வருஷ மேடைப் பேச்சில் இதற்குப் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து அட்டவணையைச் சுவரில் மாட்டினேன். ஓரத்தில் எழுதியிருந்த வரி தெரியாதபடி அம்மா அதை மடித்து மாட்டியிருந்ததை மறுநாள் காலையில் பார்த்தேன்.