அரூப ஓவியமும் அஞ்சலட்டையும்

ஓவியத்தைப் பற்றி எழுதுவோருள் பலர் ஓவியத்தைக் கண்டு எழுதுவதில்லை. அதன் அச்சுப்படியைக் கண்டே எழுதுகின்றனர். மாஸ்கோவிலும் நியூயார்க்கிலும் உள்ள ஓவியங்கள் நம் கைக்கு வருவது, பெரும்பாலும் 15 செ.மீ. நீளமும் 10 செ.மீ. அகலமும் உடைய அஞ்சலட்டை வடிவிலேயே ஆகும். இதனைப் பழித்தல் எம் நோக்கமன்று. அவ்வட்டை எதனைத் தருகின்றது, எதனைத் தாராது விடுகின்றது என்பதை அறியாமல் அதனைக் கொண்டு தீர்ப்புக் கூறுதல் தகுமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

உருவ ஓவியம் ஒன்று அட்டையில் சுருங்கினாலும், தாயும் சேயும் தாயும் சேயுமாகவே தோன்றுவர். சுட்டப்பட்ட பொருள் எஞ்சி நிற்கும். அரூப ஓவியத்திலோ சுட்டப்படும் பொருள் என வேறொன்றில்லை. வண்ணம், அளவு, மேற்பரப்பு, விளிம்பு ஆகிய இவையே அதன் பொருள். கதைப்பாட்டைச் சுருக்கி உரைத்தால் கதையேனும் எஞ்சும். ஓசையும் சொல்லமைதியுமே உயிராகிய தனிப்பாட்டைப் பொழிப்பாக்கினால் எஞ்சுவது யாது? அரூப ஓவியத்திற்கு அஞ்சலட்டை இத்தகைய பொழிப்பே என்பது எம் கருத்து.

சான்று ஒன்று காண்போம். பார்னெட் நியூமன் 1950-51இல் தீட்டிய 'வீர் ஹெரோயிகஸ் சப்ளிமிஸ்' என்னும் ஓவியம் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன் உயரம் 242.2 செ.மீ.; அகலம் 541.7 செ.மீ. பரந்த செந்நிறப் பரப்பும் அதனை ஊடறுக்கும் ஐந்து செங்குத்துக் கோடுகளுமே ஓவியம். 1951இல் நடந்த தம் கண்காட்சியில், பெரிய ஓவியங்களை அணுகி நின்று காணவேண்டும் என்னும் குறிப்பினை நியூமன் எழுதி வைத்தார். அணுகி நிற்பவனின் பார்வை எல்லைக்குள் அச்செம்மை அடங்காது. அவனே அதனுள் அடங்குவான். அட்டையிலோ அது 36 மடங்கு சுருங்குகின்றது. 2 செ.மீ. அகலமுள்ள ஒரு கோடு அங்கே அரை மில்லிமீட்டரைச் சற்றே கடக்கும். மேலும் அட்டையின் செம்மை, ஓவியர் குழைத்த செம்மையன்று. அச்சு மைகளின் நுண்புள்ளிகள் கூடிக் கண்ணில் தோற்றுவிக்கும் செம்மை. ஓவியம் நம்மைச் சூழ்ந்தது. அட்டையை நாம் உள்ளங்கையில் ஏந்துகிறோம். காண்பானுக்கும் காட்சிக்கும் உள்ள உறவே தலைகீழாகிவிடுகின்றது.

அளவிற் சிறிய ஓவியத்திற்கு இத்தீங்கு இல்லை எனச் சிலர் கூறலாம். யாமும் ஒருகால் அவ்வாறே எண்ணினோம். மாலெவிச்சின் 'கருஞ்சதுரம்' 79.5 செ.மீ. பக்கமுடையது. 1915இன் இறுதியில் பெத்ரோகிராடில் நடந்த '0,10' கண்காட்சியில், உருசிய இல்லங்களில் திருவுருவப் படம் வைக்கும் மேல்மூலையில் அது வைக்கப்பட்டது. அதன் அட்டையைக் கண்ட யாம், அளவுகோல் கொண்டு எவரும் வரையக்கூடிய கட்டம் என மாணவரிடம் கூறியதுண்டு. அது பிழை. இன்று திரெத்தியாகோவ் கூடத்தில் உள்ள அவ்வோவியத்தின் கருமை வெடிப்புகள் ஓடியது. அதன் அடியில் வேறு வண்ண ஓவியங்கள் மறைந்திருத்தலை அக்கூடத்தார் 2015இல் ஊடுகதிர்ச் சோதனையால் வெளிப்படுத்தினர். அதன் பக்கங்களும் பிழையற்ற சதுரமாக அமைந்தவை அல்ல. கையால் தீட்டிய, காலத்தால் வெடித்த ஒரு பொருளை அட்டை வெறும் கருத்தாக்கிவிட்டது. யாம் குறை கூறியது ஓவியத்தையன்று, அதன் பொழிப்பையே.

மாந்திரியானுக்கும் இது பொருந்தும். நேர்கோடுகளும் தனி வண்ணங்களும் அச்சில் சிதையா எனத் தோன்றும். ஆயின் 1920களின் தொடக்கத்தில் அவர் தீட்டிய சில ஓவியங்களில், கருங்கோடு விளிம்பைத் தொடாது சற்று முன்னரே நின்றுவிடும். படத்தின் ஓரத்தை அச்சகத்தார் சிறிது வெட்டினால் அந்நிறுத்தம் மறையும். அதனோடு ஓவியத்தின் ஒரு நுட்பமும் மறையும்.

அங்ஙனமாயின் அஞ்சலட்டை அரூபக் கலைக்கு ஒவ்வாத வடிவமோ எனின், அன்று. 1923இல் வைமாரில் நடந்த பௌஹவுஸ் கண்காட்சியை அறிவிக்க, அந்நிறுவனத்தின் ஆசிரியரும் மாணவரும் 20 அஞ்சலட்டைகளைக் கல்லச்சில் உருவாக்கினர். காண்டின்ஸ்கி, கிளே, மொகொலி-நாகி ஆகியோர் அவருள் அடங்குவர். அவை பெரிய ஓவியத்தின் சுருக்கங்கள் அல்ல. அட்டையின் அளவையே தமக்குரிய அளவாகக் கொண்டு பிறந்தவை. குறுகிய அடிக்கென்றே பாடப்பட்ட பாட்டுக்கும், நெடும்பாட்டைச் சுருக்கிய பொழிப்புக்கும் உள்ள வேறுபாடு இதுவே. எனவே குற்றம் அட்டையின் சிறுமையில் இல்லை. ஓரளவுக்கென ஆக்கியதை வேறோரளவில் கண்டு, கண்டது அதுவே என மயங்குவதில் உள்ளது.

ஓவியத்தை நேரிற் கண்டவனுக்கு அட்டை நல்ல நினைவுத்துணை. காணாதவனுக்கு அஃது அரைகுறைச் சான்று. எல்லாரும் நெடுந்தொலைவு சென்று காணவல்லர் அல்லர். ஆதலின் அட்டையை விலக்குக என்று கூறுதலும் முறையன்று. புறநானூற்றுப் பாட்டுகளின் கீழ்த் திணையும் துறையும் பாடினோரும் பாடப்பட்டோரும் குறிக்கப்பட்டிருத்தலைத் தமிழ் பயில்வார் அறிவர். அக்குறிப்பை நோக்காது பாட்டுக்குப் பொருள் காணத் துணிவார் அரியர். அஞ்சலட்டையின் பின்புறத்திலும் ஓவியர் பெயர், ஆண்டு, வண்ணப்பொருள், அளவு, இருப்பிடம் ஆகியவை பலவேளைகளில் சிறு எழுத்தில் உள்ளன. அரூப ஓவியத்தை ஆராயப் புகுவோர் அப்பின்புறத்தை முதலிற் படிப்பாராக. அங்குக் கூறிய அளவைத் தம் அறைச்சுவரில் கையால் அளந்து பார்ப்பாராக. அதன்பின் முன்புறத்தை நோக்குவாராக. தாம் காணாதது எவ்வளவு என்பதை அறிந்தபின் எழுதும் திறனாய்வே நடுவுநிலை உடையதாகும்.